எங்க வீட்டுல கல்யாணம்

என் அக்காவின் மூக்கில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் குழாய் கூடத்தின் இரண்டாவது ஜன்னல் வரைக்கும்தான் எட்டும். அதற்கு மேல் இழுத்தால், படுக்கையறையில் இருக்கும் ஆக்சிஜன் மெஷின் நகர்ந்து வந்து கட்டில் காலில் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் அக்கா மகள் பாப்பாவின் கல்யாணத்தை அந்த ஜன்னலிலிருந்துதான் நான் அளக்க ஆரம்பித்தேன். ஜன்னலோரம் அக்காவின் நாற்காலி. அதற்கு நேர் எதிரே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும். மற்றவர்கள் எல்லாம் மிச்சமிருக்கிற இடத்தில்.

எனக்குத் துணி வெட்டுகிற வேலை. ரெடிமேட் கம்பெனியில் கட்டிங் பிரிவு. பெரிய மேஜையில் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, முதுகு, மார்பு, கை, காலர் எல்லாவற்றையும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி அடுக்கி, விரற்கடைத் துணிகூட வீணாகாமல் வெட்டுவதுதான் என் பிழைப்பு. அதே சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கூடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையில் நாற்காலி நாற்காலியாகக் கட்டம் போட்டேன். முப்பத்தைந்து கட்டம் விழுந்தது. அதற்கு அடுத்த நாற்காலி கக்கூஸ் வாசலில் போய் நின்றது.

"அதுல யார உக்கார வைக்கப் போற?" என்று அக்கா கேட்டாள்.

"உன் வீட்டுக்காரரத்தான்."

அக்கா சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும், இருமினால் உதடு நீலம் பாரிக்கும். தெரிந்தும் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை. முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே என்னையே திட்டிக்கொண்டேன்.

டாக்டர் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்காவை வண்டியில் ஏற்றி இறக்கக் கூடாது, அவளைச் சுற்றிக் கூட்டமும் சேரக் கூடாது. போன மழைக்காலத்தில் ஒரு ஸ்கேன் எடுப்பதற்காகச் சிலிண்டரோடு ஆம்புலன்சில் அழைத்துப் போனோம். போன இடத்தில் மூச்சு நின்றுபோய், அவள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நாங்கள் அதன் வாசலிலும் கிடந்தோம். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். அவர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிய நுரையீரல் படம் எனக்குப் புரியவில்லை. அவர் முகம் புரிந்தது.

பாப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். கண்ணாடி மாற்ற வந்த பையன் ஒருவன், மாற்றிய பிறகும் ஏதாவது ஒரு திருகு லூசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்துகொண்டே இருந்தான். அவன்தான் மாப்பிள்ளை. அவனுடைய அப்பா பெயிண்ட் கடை வைத்திருப்பவர். இரண்டு வீட்டிலும் பேசி முடித்ததும் பாப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவர் என் கையப் பிடிக்கறத அம்மா பாக்கணும். கண்ணால பாக்கணும். இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

அந்தப் பிடிவாதம் என் பக்கத்திலிருந்து வந்தது. அதில் எனக்குப் பெருமைதான்.

வீட்டிலேயே கல்யாணம் என்று முடிவானதும் செலவுத் தாளில் பாதி தானாகவே அடிபட்டுப்போனது. மண்டபம், மேடை, அலங்காரம் எதுவும் கிடையாது. சமையலுக்கு மட்டும் ஓர் ஆளைப் பேசினேன். நாற்காலி வாடகையைக் கடைக்காரன் சொன்னதில் முக்கால்வாசிக்கு இறக்கினேன். பத்திரிகை என்ற வரி வந்தபோது, "முப்பத்தஞ்சு பேருக்கு எதுக்குப் பத்திரிகை? வாயால சொன்னாப் போதாதா?" என்று நான்தான் கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த வரியையும் அடித்தேன். மிச்சமான காசில் கரண்ட் போனால் மெஷினுக்குப் பதிலாக மாட்ட ஒரு பெரிய சிலிண்டரை வாடகைக்கு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு, அதில் கொஞ்சம் அகமகிழ்ந்தும் போனேன்.

வாயால் சொல்கிற வேலையை அத்தானிடம் கொடுத்தோம். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஏறுகிறவர், இறங்குகிறவர், வழியில் சும்மா நிற்கிறவர் எல்லோரிடமும் பேசுவார். பேசாமல் இருக்கச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும். அப்படிப்பட்ட ஆளிடம் போய் இதைக் கொடுத்தோமே, எங்களை என்ன சொல்வது.

சம்பந்தி வீட்டார் நாள் குறிக்க வந்திருந்த அன்றைக்கே அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லிவிட்டார்: "கல்யாணம் எங்க வீட்டுலதான். அதுல மாத்தமே கிடையாது."

சம்பந்தி எழுந்து வந்து அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு" என்றார். மனைவி மேல் வைத்திருக்கும் பிரியத்தைத்தான் புகழ்கிறார் என்று நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கல்யாணம் நெருங்கிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம், பாப்பாவின் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"தங்கச்சி, மண்டபம் எதுன்னு இன்னும் சொல்லலியே" என்றார் சம்பந்தி. "நம்ம பக்கம் ரெண்டு பஸ் வருது. எங்க நிறுத்தறதுன்னு டிரைவர் நச்சரிக்கறான்."

"எந்த மண்டபம்?"

"கல்யாண மண்டபம்தான்மா."

"கல்யாணம் வீட்டுலதானேங்க?"

"ஆமாமா, பொண்ணு வீட்டுலதான் பண்றீங்க. அத நான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டேன். எந்த மண்டபத்துல பண்றீங்கன்னுதான் கேக்கறேன்."

ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் கல்யாணம் என்று அத்தான் சொன்னதை, செலவெல்லாம் எங்களுடையது என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதைத்தான் பெரிய மனசு என்றிருக்கிறார். இந்தக் கூடத்தில், இந்த ஜன்னலோரம், சாக்பீஸ் கட்டத்துக்குள் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. வீடு என்றால் வீடுதானே.

இந்த ஒருவரே இப்படி எடுத்துக்கொண்டார் என்றால் மற்றவர்கள்? அத்தான் வேலை முடிந்து வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், கல்யாணத்துக்கு யார் யார்கிட்ட சொன்னீங்க?"

"டிப்போல சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"எங்க வீட்டுல கல்யாணம், அவசியம் வந்துடணும்னு."

"நாலு பேர்கிட்டதானே சொல்லச் சொன்னேன்?"

"நாலு பேர்கிட்டதான்மா சொன்னேன். பக்கத்துல நின்னவங்க காதுலயும் விழுந்துது. அவங்க முகத்தப் பாத்துட்டு நீங்க வராதீங்கன்னா சொல்ல முடியும்?"

"அப்புறம்?"

அவர் அடுத்த பொத்தானைத் தேடினார். "காலைல பஸ்ல..."

"பஸ்லயா!"

"தினமும் வர்ற ஆளுங்கம்மா. பல வருஷப் பழக்கம். எங்க வீட்டுல கல்யாணம்னு சொல்லாம வெறும் டிக்கெட்ட மட்டும் எப்படிக் கிழிச்சுக் குடுக்கறது?"

"எத்தன பேர் இருப்பாங்க?"

"காலைல நம்ம வண்டி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? படியில தொங்குவாங்க" என்றார் மெதுவாக.

வீட்டில் கல்யாணம் என்றால் யாருக்கும் மகளுக்கோ மகனுக்கோ கல்யாணம் என்றுதான் அர்த்தம். பஸ்சில் தொங்குகிறவனுக்கு மட்டும் வேறு அர்த்தமா தெரியும்? அவனவன் மனதில் அவனவனுக்குத் தெரிந்த மண்டபம். நான் கத்தினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அத்தான் பாதி கழற்றிய சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றார். அக்கா படுத்ததிலிருந்து அந்த மனுஷன் வெளியில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு நல்ல சேதியும் வரவில்லை. வந்த ஒன்றை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அது தோன்றியதும் எனக்குக் கோபம் வற்றிப்போய் அழுகைதான் வந்தது.

மறுநாள் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்தேன். வர வேண்டாம் என்று சொல்வதற்கு நம் பாஷையில் நல்ல வார்த்தையே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் டிப்போ டைம்கீப்பர்.

"சார், பாப்பா கல்யாண விஷயமா..."

"அடடா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்மா. புதுச் சட்டையே எடுத்துட்டேன்னா பாத்துக்கயேன். எங்க மாமியார் ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. அவங்களத் தனியா விட்டுட்டு வர முடியாது. கூட்டிட்டு வரலாமில்ல?"

"தாராளமாக் கூட்டிட்டு வாங்க" என்றது என் வாய்.

பாப்பா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, வர வேண்டாம்னு சொல்ல போன் பண்ணி ஒரு மாமியாரச் சேத்துட்ட."

இரண்டாவது ஆள் வெளியூரிலிருந்து வருவதற்கு டிக்கெட்டே எடுத்துவிட்டதாகச் சொன்னார். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் குழந்தை போனைப் பிடுங்கி, "நான் பாவாடை போட்டுட்டு வருவேன்" என்றது. அதற்கப்புறம் நான் யாரையும் கூப்பிடவில்லை.

கடைசியில் நானும் அத்தானும் சம்பந்தியின் பெயிண்ட் கடைக்குப் போனோம். டப்பாக்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். குழாய், ஜன்னல், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. அக்காவைக் காரில் மெதுவாக அழைத்து வந்துவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார்.

"தப்பு என்மேலதான் தங்கச்சி. ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றார். "ஆனா எங்க ஜனம் எல்லாம் கிளம்பத் தயாரா இருக்கே. இனிமே எந்த வாயால வேண்டாம்பேன்?"

எங்களுக்கு மட்டும் வேறு வாயா இருக்கிறது. நான் முதல் நாள் முழுக்க யோசித்து வைத்திருந்ததை எடுத்துப்போட்டேன். காலையில் வீட்டில் முக்கியமானவர்கள் மட்டும் இருந்து கல்யாணத்தை முடித்துவிடலாம். அப்புறம் மண்டபத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. சம்பந்தியின் முகம் தெளிந்தது. சரி என்று அவர் சொல்ல வாயெடுத்தபோது, கல்லாவில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா திரும்பினாள்.

"ஒரு பொண்ணுக்கு எத்தன கல்யாணம்? காலைல வீட்டுல முடிஞ்சாச்சுன்னா மண்டபத்துல நடக்கறதுக்குப் பேர் என்ன, நாடகமா? ரெண்டு பஸ் நெறைய வர்றாங்களே, சோத்துக்கு மட்டுமா வர்றாங்க? என் தம்பி பையனோட கல்யாணத்தக் கண்ணால பாக்கணும்னுதானே வர்றாங்க."

நாங்களும் அதைத்தானே கேட்கிறோம், ஒரே ஒருத்தி பார்க்க வேண்டும் என்று. பதில் என் நாக்கு நுனியில் நின்றது. நாளைக்குப் பாப்பா அந்த அம்மாளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக மென்று விழுங்கினேன். என் வாழ்நாளில் நான் விழுங்கிய பேச்சுகளை விரல் விட்டு எண்ணலாம். இது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சம்பந்தி தன் அக்காவையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். கையைப் பிசைந்தார். "மண்டபச் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் எங்களுது. நீங்க ஒரு பைசா எடுக்க வேண்டாம். முடிஞ்ச கையோட ரெண்டு பேரையும் நேரா அம்மாகிட்டதான் கூட்டிட்டு வருவேன். சத்தியம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இவரை என்ன செய்வது? அத்தான் எழுந்து நின்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பாப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "முடியாது. தள்ளிப் போடுங்க. இல்ல, நிறுத்துங்க. நான் அவர்கிட்ட பேசிக்கறேன்."

"உக்காருடி" என்றாள் அக்கா. மெஷின் உறுமுகிற சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்க வேண்டுமென்றால் நாங்கள் எல்லோரும் மூச்சுக்கூட மெதுவாக விட வேண்டும். "கல்யாணத்தத் தள்ளிப் போடலாம். என்னத் தள்ளிப் போட முடியுமா?"

அக்கா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"நடந்துதுன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு" என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் போதாது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. இருந்தும் பாப்பா உட்கார்ந்து தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். வேறு என்ன செய்ய முடியும்?

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் வந்து எங்கள் டிவியை எதிலோ இணைத்துவிட்டுப் போனான். மாப்பிள்ளையின் போனை மேடைக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டில் மாட்டிவிடுவார்களாம். அங்கே நடப்பது அப்படியே இங்கே தெரியுமாம். போனை ஒட்டி வந்து நிற்கிறவர்களுக்கு எங்கள் முகமும் தெரியுமாம், நாங்கள் பேசுவதும் கேட்குமாம். மாப்பிள்ளை முந்தின நாளே அக்காவிடம் சொல்லியிருந்தான்: "அத்தை, முன் வரிசையில உக்காந்த மாதிரி இருக்கும்." பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்பதற்காக நான் கட்டம் போட்டிருந்த இடத்தில் டிவி ஸ்டூல் நின்றது.

பாப்பா புடவை கட்டிக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றாள். அக்கா ஒரு மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்த மடிப்புதான். அதைக் கலைத்து மறுபடியும் சரிசெய்தாள். பாப்பா அழத் தொடங்கியதும், "மை கரையும். கண்ணாடிக்காரனுக்குக் கண்ணுதான் முக்கியம், போ" என்று விரட்டினேன். அத்தான் புதுச் சட்டையில் வாசற்படியில் நின்று, போகவும் முடியாமல் உள்ளே வரவும் முடியாமல் தடுமாறினார்.

"என்ன, விசில் அடிச்சாத்தான் கிளம்புவீங்களா?" என்றாள் அக்கா. அவர் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்துவிட்டுப் போனார்.

நான் போகவில்லை. கரண்ட் போனால் சிலிண்டரைத் திருக ஓர் ஆள் வேண்டும். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும்.

அக்காவுக்கும் தலை வாரி, நல்ல புடவை சுற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். டிவியில் மேடை தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது, பொய் சொல்லக் கூடாது. பூ, விளக்கு, மேடையில் யார் யாரோ. பாப்பா வந்தாள். நேராக ஸ்டாண்டைப் பார்த்து, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றான். யாரோ ஏதோ சொன்னார்கள். மாப்பிள்ளை கையை நீட்டினான்.

அப்போது ஒரு பிடரி வந்து மறைத்தது.

தடித்த, மடிப்பு விழுந்த, நன்றாக முடி வெட்டிய பிடரி. டிவி முழுக்க அதுதான். அந்த ஆள் மேடையைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்று எழுந்து நின்றிருக்கிறார். எங்கள் பக்கத்து ஆளா, அவர்கள் பக்கத்து ஆளா, பஸ்சில் வருகிறவரா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

"யோவ், நகருய்யா!" என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். போனில் அத்தானைக் கூப்பிட்டேன். அவருடைய போன் உள்ளே படுக்கையறையில் அடித்தது. பழைய சட்டைப் பையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். சம்பந்தியைக் கூப்பிட்டேன். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பாப்பாவின் போன் எதிரில் மேஜை மேல் கிடந்தது. டிவிப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன், அப்படித் திருப்பினால் அந்தப் பிடரிக்குப் பின்னால் இருப்பது தெரிந்துவிடும் என்பதைப் போல. அக்கா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

மண்டபம் முழுக்கக் கைதட்டுகிற சத்தம் கேட்டது.

"முடிஞ்சுடுச்சா?" என்றாள் அக்கா.

"ம்."

பிடரி உட்கார்ந்தது. மேடையில் எல்லோரும் கலைந்து வேறு பக்கம் திரும்பியிருந்தார்கள். மாப்பிள்ளையின் முதுகு தெரிந்தது. அக்கா கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டிவி நிறையப் பாப்பாவின் முகம் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கே ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"அம்மா! பாத்தியா? நல்லாத் தெரிஞ்சுதா?"

நான் வாயைத் திறந்தேன். அக்காவின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. தண்ணீர் டம்ளரைத் தூக்கவே இரண்டு கை வேண்டும் அவளுக்கு. அந்தப் பிடியை என்னால் அசைக்க முடியவில்லை.

"பாத்தேன்டி" என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். "பூரா... பாத்தேன். உன் கை... நடுங்கிச்சு."

பாப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆமாம்மா, நடுங்கிச்சு" என்றாள். பிறகு சந்தேகத்தோடு என் பக்கம் பார்த்தாள். "சித்தி, நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்ட. அம்மா நிஜமாப் பாத்தாங்களா?"

"பாத்தாடி" என்றேன். "நானும் பாத்தேன்."